தேஞ்ச ரெக்கார்டை வச்சுக்கங்க, பளபளன்னு இருக்கறத வித்துடுங்க

கேள்வி:

வணக்கம் சார். சொந்த ஊர் திருச்சி, கல்யாணமாகி கோயம்புத்தூர்ல இருக்கேன். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், போன ஆடி மாசம் தவறிட்டார். அவருக்கு அமெரிக்க ஜாஸ் இசைன்னா உயிர். காலனில பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் அங்கிள் ஒருத்தர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸுக்கு சாக்ஸபோன் வாசிப்பாராம், அவங்க குடும்பத்தோட ஆஸ்திரேலியா போறப்ப ரெக்கார்ட் ப்ளேயரையும் கொஞ்சம் எல்பி ரெக்கார்டையும் அப்பாகிட்ட குடுத்துட்டு போயிருக்கார், அங்க புடிச்ச பைத்தியம். அப்புறம் பாஸ்ல மெட்ராஸ் போறப்பல்லாம் மூர் மார்க்கெட்ல தேடித் தேடி வாங்கி, இப்ப 214 எல்பி இருக்கு, பதினஞ்சு பழைய 78 சுத்து ரெக்கார்டும் இருக்கு. தம்பி ஒரு வியாபாரிய கூட்டிட்டு வந்தான், மொத்தமா 70,000 தர்றேங்கறார். எனக்கு ஜாஸ் சுத்தமா புரியல. புரியாத பாட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ண? ஆனா வித்தா அப்பாவையே வித்த மாதிரி இருக்கு. போன மாசம் ஒண்ணு எடுத்து போட்டேன், கொறகொறன்னு ஒரே இரைச்சல், அம்மா பாதில எழுந்து உள்ள போயிட்டாங்க. அப்பா இறந்த அன்னிக்கு அவருக்கு புடிச்ச ரெக்கார்டு ஒண்ண போடலாம்னு தம்பி எடுத்தப்ப பெரியப்பா சத்தம் போட்டு தடுத்துட்டார், அது வேற மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. ஒரு கவர்ல தொப்பி போட்டு சுருட்டோட ஒரு வயசானவர் உக்காந்திருக்கார், அப்பா அடிக்கடி எடுத்து பாப்பார், அவர் யாருன்னும் தெரியல. இதையெல்லாம் டிஜிட்டல் பண்ணிட்டு வித்துடலாமா? உங்க ஆலோசனை வேணும் சார்.

பதில்:

வணக்கம் மா. உங்க லெட்டர நாலு தடவ படிச்சேன். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், நான் இருபத்தாறு வருஷம் கோடம்பாக்கத்துல ஸ்டுடியோ சவுண்ட் இன்ஜினியரா இருந்துட்டு இப்ப வீட்லயே பழைய ரெக்கார்டு கேசட் ஸ்பூல் டேப் இதெல்லாம் டிஜிட்டல் பண்ணிக் குடுக்கறவன், மனசு டாக்டர் இல்ல. ஆனா எங்கிட்ட வர்ற பொட்டியில பாதி செத்துப்போனவங்களோடது. புள்ளைங்க கொண்டு வந்து வச்சுட்டு, என்ன பண்றதுன்னு தெரியல சார்னு உங்கள மாதிரியேதான் நிப்பாங்க. அதனால ரெக்கார்டு பக்கத்துல இருந்தே பேசறேன், மத்தது அதுலயே வரும்.

விக்கறதா வேண்டாமாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. காலைல ஜன்னல் வெளிச்சம் நல்லா வர்ற நேரத்துல ஒரு எல்பிய கவர்லேர்ந்து எடுத்து, விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு புடிச்சு, வெளிச்சம் சாய்வா விழற மாதிரி திருப்பித் திருப்பி பாருங்க. அதிகம் ஓடாத ரெக்கார்டு கருகருன்னு எண்ணெ தடவின மாதிரி மின்னும். அடிக்கடி ஓடினது சாம்பல் பூத்த மாதிரி மங்கலா தெரியும். இதுல விஷயம் என்னன்னா ரெக்கார்டு முழுக்க ஒரே மாதிரி மங்காது. பாட்டுக்கு பாட்டு நடுவுல மெல்லிசா ஒரு வெத்து வளையம் இருக்கும் பாருங்க, அத வச்சு எண்ணினீங்கன்னா மூணாவது ட்ராக் மட்டும் சாம்பலா இருக்கு மத்ததெல்லாம் கருப்பா இருக்குன்னு தெரியும், ஒருத்தர் அந்த மூணாவது பாட்டை மட்டும் திரும்பத் திரும்ப போட்டிருக்கார்னு அர்த்தம். அந்த வெத்து வளையத்துலயே குட்டிக் குட்டியா குத்தின மாதிரி புள்ளி இருந்துச்சுன்னா அது நீடில கையால தூக்கி அந்த இடத்துல வச்ச தடம். அப்புறம் நடு லேபிள்ல இருக்கற ஓட்டைய பாருங்க, அதச் சுத்தி மெல்லிசா கோடு கோடா கிழிச்ச மாதிரி இருக்கும், ப்ளேயர்ல இருக்கற கம்பில ஓட்டைய மாட்டறதுக்கு கண்ணால பாக்காம தடவித் தடவி வைக்கறப்ப விழற கோடு. லைட்ட அணைச்சுட்டு பாட்டு கேக்கற ஆளோட ரெக்கார்டுல இந்த கோடு நிறைய இருக்கும். இது நானா கண்டுபுடிச்ச வித்தை ஒண்ணும் இல்ல, பழைய ரெக்கார்டு வாங்கறவன் எல்லாரும் மொதல்ல இதத்தான் பாப்பான். அவன் இதப் பாத்து விலைய குறைப்பான், நீங்க இதப் பாத்து உங்க அப்பாவ தெரிஞ்சுக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்க குழப்பத்துக்கு என் பதில் இதுலயே இருக்கு மா. வியாபாரிக்கு வேண்டியது பளபளன்னு இருக்கறது, கவர் கிழியாம, பேர் எழுதாம, நீடில் படாம இருக்கறது. அதாவது உங்க அப்பா அதிகம் தொடாதது. மூர் மார்க்கெட்ல சல்லிசா கெடைக்குதேன்னு வாங்கி ரெண்டு தடவ போட்டுட்டு எடுத்து வச்சது, யாரோ நல்லாருக்குன்னு சொன்னாங்கன்னு வாங்கினது, எல்லா சேகரிப்புலயும் இப்படி பாதிக்கு மேல இருக்கும், என்கிட்டயும் இருக்கு. நீங்க வச்சுக்க வேண்டியது தேஞ்சது, சாம்பல் பூத்தது, கவர் ஓரம் கிழிஞ்சு செலோடேப் ஒட்டினது, பின்னாடி பென்சில்ல ஏதாவது கிறுக்கினது. அதுக்கு மார்க்கெட்ல காசே கெடையாது. அவனுக்கு வேண்டியதும் உங்களுக்கு வேண்டியதும் மோதவே இல்ல பாருங்க. 214ல ஒரு முப்பது நாப்பது தேறும்னு நெனைக்கறேன், எடுத்து தனியா வைங்க. மத்தத தாராளமா விக்கலாம், குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

ஆனா 70,000க்கு மொத்தமா தூக்கி குடுத்துடாதீங்க. மொத்த விலை சொல்ற வியாபாரி அதுல இருக்கற பத்து பன்னெண்டு ரெக்கார்டுக்குத்தான் விலை சொல்றான், மீதி எல்லாம் அவனுக்கு சும்மா வர்றது. தம்பிய உக்கார வச்சு ஒரு லிஸ்ட் போடச் சொல்லுங்க. லேபிள்ல கம்பெனி பேர், நம்பர், எந்த நாட்டு தயாரிப்பு, அப்புறம் பாட்டு முடியற இடத்துல லேபிளுக்கு பக்கத்துல வெத்து இடம் இருக்கும்ல அதுல கீறி எழுதின மாதிரி எழுத்தும் நம்பரும் இருக்கும், அதையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்க. அமெரிக்காவுல அந்தக் காலத்துல அடிச்சதா, கல்கத்தா டம்டம் ஃபாக்டரில அடிச்சதா, பின்னாடி திரும்ப அடிச்சதாங்கறத வச்சுத்தான் விலையே. ரெண்டு மூணு பேர்கிட்ட காட்டுங்க. இத தம்பி பண்ணட்டும்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு, அவனும் அப்பாவுக்கு புள்ளதானே, விக்கலாம்னு சொன்னதால அவனுக்கு வருத்தம் இல்லன்னு நெனச்சுடாதீங்க. அன்னிக்கு ரெக்கார்ட எடுத்துட்டு ப்ளேயர் கிட்ட போனவன் அவன்தான்.

பெரியப்பா விஷயம். சாவு வீட்ல பாட்டு எதுக்குன்னு அவர் கேட்டதுல தப்பு சொல்ல முடியாது, அவருக்கு அது கிளப்ல ஆடற பாட்டு. ஆனா உங்களுக்கு ஒண்ணு தெரியணும், இந்த ஜாஸ் வளந்த எடத்துல சாவு ஊர்வலமும் ஒண்ணு. அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் ஊர்ல கறுப்பின மக்கள் கிட்ட நூறு வருஷத்துக்கு மேல இருக்கற பழக்கம், ஒருத்தர் செத்தா பிராஸ் பேண்டு கூடவே போகும். கல்லறைக்கு போற வரைக்கும் சர்ச் பாட்டு, கால இழுத்து இழுத்து வைக்கற மாதிரி மெதுவா. அடக்கம் பண்ணிட்டு கொஞ்ச தூரம் தள்ளி வந்ததும் ட்ரம் அடிக்கறவர் ஒரு உருட்டு உருட்டுவார், அவ்வளவுதான், அதுக்கப்புறம் வேகமான பாட்டு, பின்னாடி தெருவே சேந்து குடைய புடிச்சுக்கிட்டு கைக்குட்டைய ஆட்டிக்கிட்டு ஆடிட்டு வரும். நம்ம ஊர்ல கல்யாண சாவுன்னு சொல்லி மேளம் அடிச்சு ஆடிட்டு போறதில்லையா, ஒப்பாரில செத்தவரோட பெருமையெல்லாம் ராகமா சொல்றதில்லையா, அதே சங்கதிதான். அதனால உங்க தம்பி அன்னிக்கு செய்யப் பாத்தது ஒண்ணும் விபரீதம் இல்ல, ஒருவேளை அந்த வீட்ல சரியா யோசிச்ச ஒரே ஆள் அவன்தானோ என்னமோ. வர்ற ஆடில திதி முடிஞ்ச சாயங்காலம் போட்டுக்கங்க, பெரியப்பாவையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே போடுங்க.

சரி, அந்த சுருட்டுக்காரர். கவர்ல ஹொரேஸ் சில்வர்னு எழுதியிருக்குமே? அவர் பியானோ வாசிக்கறவர். ஆனா படத்துல இருக்கறது அவர் இல்ல மா, அவரோட அப்பா. ஆல்பத்தோட பேரே என் அப்பாவுக்கான பாட்டுங்கற அர்த்தம்தான்.

நீங்க எழுதினத படிச்சதும் எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. அந்த அப்பா கேப் வேர்டேன்னு ஆப்பிரிக்கா பக்கத்துல அட்லான்டிக் கடல்ல இருக்கற தீவுக் கூட்டத்துலேர்ந்து அமெரிக்கா வந்து பொழச்சவர், வீட்ல சொந்தக்காரங்க கூடற அன்னிக்கு ஊர்ப் பாட்டெல்லாம் வாசிப்பாங்களாம். ஹொரேஸுக்கு ஒம்பது வயசுல அம்மா செத்துட்டாங்க. அப்பா ரொம்ப நாளா நம்ம ஊர்ப் பாட்ட உன் ஜாஸ்ல கொண்டு வாயேன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கார், மகனுக்கு அதுல அவ்வளவா ஆர்வம் இல்ல. அப்புறம் 1964ல பிரேசில் போயிட்டு வந்து அந்த தாளத்துல ஒரு ட்யூன் போடறப்ப, அடடே இது நம்ம அப்பா வாசிக்கற மாதிரி இல்ல இருக்குன்னு தோணி அதுக்கு அப்பாவுக்கான பாட்டுன்னே பேர் வச்சு, கவர்லயும் அவரையே உக்கார வச்சுட்டார். அப்பா உயிரோட இருக்கறப்பவே மகன் செஞ்சது இது. அழுகாச்சிப் பாட்டு இல்ல, நீங்க போட்டீங்கன்னா கால் தானா தாளம் போடும். பொன்மலைல ஒரு ஃபிட்டர் அந்த கவர அடிக்கடி எடுத்து பாத்தார்னா அவர் யார நெனச்சுப் பாத்தார்னு எனக்குத் தெரியாது. உங்க தாத்தாவ பத்தி அம்மாகிட்ட கேட்டுப் பாருங்களேன்.

புரியல புரியலன்னு ரெண்டு எடத்துல எழுதியிருக்கீங்க. கர்நாடக கச்சேரி ரெண்டு மூணாவது உக்காந்து கேட்டிருப்பீங்கல்ல? ஒரு வரிய எடுத்து நிரவல் பண்ணுவாங்க, அதே வரி, அதே தாளம், சங்கதி மட்டும் வேற வேற, கடைசில பழையபடி அந்த வரில வந்து நிப்பாங்க. ஜாஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். மொதல்ல எல்லாரும் சேந்து ட்யூன ஒரு தடவ சொல்லுவாங்க, அப்புறம் சாக்ஸபோன் ஒரு ரவுண்டு, ட்ரம்பெட் ஒரு ரவுண்டு, பியானோ ஒரு ரவுண்டு, கடைசில திரும்ப ட்யூன். அந்த ரவுண்டுல தொலைஞ்சு போறவங்கதான் புரியலங்கறாங்க. ஒரு வழி சொல்றேன், மொதல்ல வர்ற ட்யூன நல்லா மனசுல வாங்கிக்கிட்டு, அவங்க என்ன வாசிச்சாலும் நீங்க உள்ளுக்குள்ள அந்த ட்யூனையே முனகிக்கிட்டு இருங்க. திடீர்னு ரெண்டும் ஒரு எடத்துல வந்து ஒட்டும் பாருங்க. ஒட்டலன்னாலும் பரவால்ல, அப்பாவுக்கு புடிச்சது உங்களுக்கும் புடிச்சாகணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, எங்கப்பா மூக்குப்பொடி போடுவார், அதுக்காக நானும் போடணுமா என்ன.

ஆனா உங்க அப்பாவுக்கு இது எப்படி புடிபட்டுச்சுன்னு ஒரு துப்பு நீங்களே அனுப்பியிருக்கீங்க. நீங்க கூட வச்ச போட்டோல, டைம் அவுட்ங்கற எல்பி கவருக்குப் பின்னாடி, பென்சில்ல தகிட தகன்னு தமிழ்ல எழுதியிருக்கு, பக்கத்துல 5னு போட்டு வட்டம். அது அதுல இருக்கற டேக் ஃபைவ்ங்கற பாட்டோட கணக்கு, மூணும் ரெண்டும் அஞ்சு. நமக்கு கண்டம்னா, அதாவது இந்த அஞ்சுக் கணக்கு, கோயில் மேளத்துலயே கேட்டு பழகின காது, 1959ல அமெரிக்காக்காரங்களுக்கு அது அதிசயம், ஏன்னா அவங்க ஜாஸெல்லாம் பெரும்பாலும் நாலுல ஓடினது. இதுல இன்னொரு சுவாரசியம், இத வாசிச்ச டேவ் ப்ரூபெக்ங்கற பியானோக்காரரோட குழு 1958ல அமெரிக்க அரசாங்கம் அனுப்பி ஊர் ஊரா வாசிச்சுட்டு வந்தப்ப மெட்ராஸுக்கும் வந்தாங்க, அங்க அவங்க ட்ரம்மர் ஜோ மொரெல்லோவும் நம்ம மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சந்திச்சு சேந்து வாசிச்சிருக்காங்க. பிள்ளைவாள் இடது கைக்காரர், லயத்துல புலி. அடுத்த வருஷம் வந்த ரெக்கார்டுதான் டைம் அவுட். அதனாலதான் அஞ்சு வந்துச்சுன்னு நான் சொல்ல வரல, அப்படி முடிச்சுப் போட்டு பேசறவங்க நிறைய பேர், எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. ஆனா உங்க அப்பா இங்கிலீஷ் பாட்டுக்குள்ள தகிட தகவ தானா தேடி எடுத்து எழுதி வச்சிருக்கார்ல, அது போதும் எனக்கு. அந்த ரெக்கார்டு வச்சுக்கற லிஸ்ட்ல மொதல் ரெக்கார்டு.

இப்ப அந்த கொறகொற சத்தம். தயவுசெஞ்சு அந்த ப்ளேயர்ல இனிமே ஒண்ணையும் போடாதீங்க. எத்தன வருஷமா அந்த நீடில் கிடக்கோ, தேஞ்ச நீடில் உளி மாதிரி, ரெக்கார்ட செதுக்கி எடுத்துடும். அதுவும் நீடில் மாட்டியிருக்கற கார்ட்ரிட்ஜ் அந்தக் கால செராமிக்கா இருந்தா அஞ்சு கிராம் கூட அழுத்தும், இப்ப வர்ற நல்லது ரெண்டு கிராம்தான். அப்பா ப்ளேயரத் தூக்கிப் போட வேண்டாம், நீடிலும், பெல்ட் இருந்தா அதையும் மாத்தினா பெரும்பாலும் ஓடும், மெக்கானிக் கெடைக்கற வரைக்கும் துணி போட்டு மூடி வைங்க. அழுக்கும் ஒரு காரணம். எல்பிய கழுவலாம், மெடிக்கல் ஷாப்ல டிஸ்டில்ட் வாட்டர் கெடைக்கும், மெத்துன்னு மைக்ரோஃபைபர் துணி, வட்டமா கோடு போற வாக்குல மட்டும் தொடைக்கணும், குறுக்க தொடைக்கக் கூடாது, லேபிள்ல தண்ணி படக்கூடாது. வெள்ளையா பூஞ்சக்காளான் புடிச்சிருந்தா மாஸ்க் போட்டுக்கங்க. அந்த 78 பதினஞ்சையும் மட்டும் தொடவே தொடாதீங்க, அது அரக்குல செஞ்சது, ஸ்பிரிட் பட்டா கரைஞ்சிடும். எனக்கு எப்படித் தெரியும்னா வேலைக்கு சேந்த புதுசுல நானே ஒண்ண கரைச்சிருக்கேன். ஒரு பெரியவர் கல்யாணத்தப்ப வாங்கின நாதஸ்வர ரெக்கார்டு, பஞ்சுல ஸ்பிரிட்ட நனைச்சு ஒரு சுத்து சுத்தினேன், பஞ்சு கருப்பா ஆச்சு, ஆஹா எவ்வளவு அழுக்குன்னு இன்னொரு சுத்து. அழுக்கு இல்ல, பாட்டு. அவர் திட்டவே இல்ல, அத பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போனார், இன்னைக்கும் ஸ்பிரிட் வாசனை வந்தா அவர் ஞாபகம்தான்.

எல்லாத்தையும் புஸ்தகம் மாதிரி நிக்க வைங்க. அடுக்கி படுக்க வச்சா அடியில இருக்கறது வளஞ்சிடும், பரண்ல போட்டா திருச்சி வெயிலுக்கு அப்பளம் ஆயிடும்.

டிஜிட்டல் பண்ணலாமான்னா பண்ணலாம், 214ம் வேண்டாம், அதுல முக்காவாசி ஆல்பம் போன்லயே கெடைக்கும், இதவிட சுத்தமாவும் இருக்கும். தேஞ்ச அந்த முப்பது நாப்பது மட்டும் பண்ணுங்க. யார்கிட்ட குடுத்தாலும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ல வேவ் ஃபைலா கேளுங்க, ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு ஜிபி வரும், ஹார்ட் டிஸ்க் ரெண்டுல வைங்க. எம்பி3 அப்புறமா நீங்களே எடுத்துக்கலாம். இன்னொண்ணு முக்கியமா சொல்லுங்க, சத்தத்த சுத்தம் பண்ணாத காப்பி ஒண்ணு கண்டிப்பா வேணும்னு.

ஏன்னா இதுலயும் நான் அடி வாங்கினவன். ஒரு அம்மா, புருஷன் வீட்ல பாடி ரெக்கார்ட் பண்ணின கேசட்ட கொண்டு வந்தாங்க, அவர் இறந்து ரெண்டு வருஷம். நான் என் திறமையெல்லாம் காட்டி ஃபேன் சத்தம், காக்கா, பின்னாடி குக்கர் விசில் எல்லாத்தையும் நீக்கி பால் மாதிரி குடுத்தேன். கேட்டுட்டு அந்தம்மா முகம் வாடிப்போச்சு. அந்த குக்கர் நான் வச்சது சார், அவர் பாடறப்ப நான் சமையக்கட்டுல இருந்தேன்னாங்க. அவங்கள அந்த டேப்லேர்ந்தே தொடச்சு எடுத்திருக்கேன். நல்லவேளை ஒரிஜினல் கேசட் இருந்துச்சு, திரும்ப பண்ணிக் குடுத்தேன், காசு வாங்கல.

அன்னிலேர்ந்து நான் ஜாஸ் கேக்கற விதமே மாறிப்போச்சு. பில் எவன்ஸ்னு ஒரு பியானோக்காரர், உங்க போட்டோல தெரியற நீல கவர் எல்பி, ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோடது, அதுலயும் அவர்தான் பெரும்பாலும் வாசிச்சிருப்பார். அவரும் பேஸ் வாசிக்கற ஸ்காட் லஃபாரோவும் ட்ரம்மர் பால் மோஷியனும் 1961 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை, நியூயார்க்ல வில்லேஜ் வேன்கார்டுன்னு ஒரு கீழ்த்தள கிளப்ல வாசிச்சாங்க, நாள் பூரா ரெக்கார்டிங் ஓடுச்சு. கேட்டீங்கன்னா கிளாஸ் மோதற சத்தம், யாரோ பேசற சத்தம், சிரிப்பு எல்லாம் கேக்கும், அன்னிக்கு வந்தவங்க பாதி பேர் கவனிக்கவே இல்ல, தண்ணியடிக்க வந்திருக்காங்க. சரியா பதினோராம் நாள் லஃபாரோ கார் ஆக்சிடென்ட்ல போயிட்டார், 25 வயசு. எவன்ஸ் மாசக்கணக்கா மேடை ஏறவே இல்ல. அந்த கிளாஸ் சத்தம் முன்னாடியெல்லாம் எனக்கு எரிச்சலா இருக்கும், இன்ஜினியர் புத்தி. இப்ப அதுதான் எனக்கு முக்கியம், அந்த கிளாஸ் மோதறப்ப அவன் உயிரோட இருக்கான்ல. அன்னிக்கு வாசிச்சதுல ஒண்ணு எவன்ஸ் தன் அண்ணன் பொண்ணு பேர்ல எழுதின குட்டி வால்ட்ஸ், அதாவது மூணு எண்ணிக்கை நடனத் தாளத்துல ஒரு பாட்டு, உங்க வீட்ல சின்ன கொழந்த இருந்தா போட்டு விடுங்க.

பியானோ வாசிச்சு பெரிய ஜாஸ் பேண்டு நடத்தின டியூக் எலிங்டன் கதை இன்னும் ஒரு படி மேல. அவர் கூட கிட்டத்தட்ட முப்பது வருஷம் இருந்து பாட்டெழுதின பில்லி ஸ்ட்ரேஹார்ன் 1967 மே மாசம் கேன்சர்ல செத்தார், வயசு 51. மூணு மாசம் கழிச்சு எலிங்டன் பேண்டோட உக்காந்து அவர் பாட்டா ஒரு ஆல்பம் போட்டார். ரெக்கார்டிங் முடிஞ்சு எல்லாரும் வாத்தியத்த பொட்டில வச்சு மூடிக்கிட்டு இருக்காங்க, கிளம்பற சலசலப்பு. எலிங்டன் மட்டும் எழுந்திரிக்காம பியானோவுல லோட்டஸ் ப்ளாசம்னு ஸ்ட்ரேஹார்னோட ட்யூன ஒண்ண தனியா வாசிக்க ஆரம்பிக்கறார். டேப் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. பேச்சு சத்தமும் தட்டுமுட்டு சத்தமும் மொதல்ல கேக்கும், போகப் போக அடங்கும், ஒவ்வொருத்தரா பேச்ச நிறுத்தறது தெரியும். அத அப்படியே ஆல்பத்துல சேத்துட்டாங்க. டேப்ப நிறுத்தாம விட்ட அந்த இன்ஜினியர் கையத் தொட்டு கண்ணுல ஒத்திக்கணும், நானா இருந்தா பேக்கப், கிளம்பலாம்னு சொல்லி ஆஃப் பண்ணியிருப்பேன்.

ஆஃப் பண்ணலன்னாலும் அதுக்கு மேலயே வேற எதையாவது பதிஞ்சிருப்பேன், பண்ணியும் இருக்கேன். எங்கம்மா குரல் ஒரே ஒரு கேசட்ல இருந்துச்சு, அக்கா வளைகாப்பு அன்னிக்கு எவனோ விளையாட்டா ரெக்கார்ட் பண்ணினது. ஒரு நாள் அவசரத்துக்கு காலி கேசட் கெடைக்கலன்னு அதுல ஒரு ரிகர்சல பதிஞ்சுட்டேன், அம்மா அப்ப உயிரோட இருந்தாங்க, பெருசா தோணல. அவங்க போனப்புறம் தேடி எடுத்து போட்டா பூரா கிடார். டேப் தீர்ற எடத்துல ஒம்பது செகண்ட் மிச்சம் இருந்துச்சு, காப்பி ஆறுது பாருடான்னு யாரையோ சொல்றாங்க. என்னத்தான் சொல்றாங்கன்னு நான் வச்சுக்கிட்டேன். அதனால அப்பா பெட்டி அலமாரி எல்லாம் தேடுங்க, கேசட் ஏதாவது இருந்தா, சினிமாப் பாட்டுன்னு மேல எழுதியிருந்தாலும், ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் கேளுங்க. எல்பி கவர் ஒவ்வொண்ணுக்குள்ளயும் கைய விட்டு பாருங்க, மூர் மார்க்கெட் பில்லோ ரயில்வே பாஸோ ஏதாவது இருக்கும். வியாபாரிக்கு போற கவரையும்தான், அதையெல்லாம் பாக்காம குடுக்காதீங்க.

இதெல்லாம் படிச்சுட்டு ஒரு கேள்வி உங்களுக்கே வந்திருக்கும். பழைய ரெக்கார்டுதானே சார், அந்த தேய்மானம் எங்கப்பாவோடதுன்னு எப்படி தெரியும், முன்னாடி வச்சிருந்தவன் தேச்சதா இருக்கலாமேன்னு. இருக்கலாம். ஆஸ்திரேலியா போன அந்த அங்கிளோட ரெக்கார்டெல்லாம் அவர் சாக்ஸபோன் கத்துக்கறதுக்கே நூறு தடவ போட்டிருப்பார், பாதி தேய்மானம் அவரோடதுதான். மூர் மார்க்கெட்ல வாங்கினது எவன் வீட்லேர்ந்து வந்துச்சோ. சாம்பல் பூத்த எடத்த நான் காட்டலாம், யார் கைன்னு எனக்கு சொல்லத் தெரியாது. அது தெரிஞ்ச ஆள் உங்க வீட்லயே இருக்காங்க. நாப்பது வருஷமா சமையக்கட்டுலேர்ந்து அந்த ரெக்கார்டு அத்தனையையும் அவங்களும்தான் கேட்டிருக்காங்க, புடிச்சு கேட்டாங்களோ தலைவிதின்னு கேட்டாங்களோ. பாதில எழுந்து உள்ள போனாங்கன்னு எழுதியிருக்கீங்க. இரைச்சல் தாங்காம போனாங்கன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க. எனக்கு அப்படி தோணல.

அதனால ரெக்கார்டெல்லாம் கூரியர்ல போட்டு எனக்கு அனுப்பாதீங்க, ஒடஞ்சிடும், நிதானமா அப்புறம் பாக்கலாம். இப்போதைக்கு ஒண்ணு மட்டும் பாத்து சொல்லுங்க, அன்னிக்கு நீங்க போட்ட ரெக்கார்டு எது, அம்மா எழுந்து போனப்ப ஓடிக்கிட்டு இருந்தது எத்தனாவது பாட்டு, அந்த எடம் வெளிச்சத்துல எப்படி இருக்கு?